பத்துச் சதம்

டவுன்ஸ்வில்லில் வெறும் போத்தலுக்கு விலை உண்டு.
ஒன்றுக்குப் பத்துச் சதம்.
மூடி இருக்கக்கூடாது, உள்ளே மிச்சம் இருக்கக்கூடாது.
வேறொன்றும் நாங்கள் கேட்பதில்லை.

சனிக்கிழமை ஏழரைக்கே வந்துவிடுவான் டார்சி.
பதினைந்து வயது, இதுவரை ஏழு பள்ளிக்கூடம்.
அப்பா கோப்ரல்.
சூப்பர்மார்க்கெட் வண்டியில் கறுப்புப் பைகள்,
அதில் ஒரு சில்லு மட்டும்
வேறு பக்கம் போகத் துடிக்கும்.

சீருடை கண்டால் ஒதுங்கிப் பழகிய உடம்பு எனக்கு.
அதன் பிள்ளைக்கு ஒதுங்கத் தெரியவில்லை.

அவன் கொட்டுவான், நான் எண்ணுவேன்.
நாலு வருசமாய் எண்ணுகிறேன்.
சம்பள வியாழன் கழிந்த சனியென்றால்
பச்சைக் கண்ணாடி, இறக்குமதிச் சரக்கு.
அடுத்த சனி நெளிந்த பேணிகள்.

மே மாதம் அப்பாவை அனுப்பினார்கள்.
எங்கே என்று சொல்லக்கூடாதாம்.
ஆபத்துக்கும் படியளக்கிறது அரசாங்கம்;
அந்தப் படியில் அம்மா கார்க் கடன் கட்டுகிறாளாம்.
பைகள் இனி இளைக்கும் என்று நினைத்தேன்.

ஜூன், நூற்று முப்பத்தெட்டு.
ஜூலை, நூற்று நாற்பது.
நடுவே ராஸ்பெரி நிறத்தில் இனிப்புப் பேணிகள்,
முன்பு நான் அவன் பையில் காணாதவை.

இன்றைக்குக் கையில் ஒரு படிவம்.
யாரோ ஆராய்ச்சிக்காம், பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.
என் மேசையில் கயிறு கட்டிய பேனையை எடுத்தான்.
"குடும்ப வருமானம்.
அப்பாவின் படியைச் சேர்க்கவேணுமோ?
அவர் திரும்பி வந்தால் அது நின்றுபோகுமே."
தெரியாது என்றேன்.
"அப்ப இது?"
இயந்திரத்தில் சிவப்பாய் 142.
பதினாலு டொலர் இருபது சதம்.
"இதுவும் வருமானம்தானே" என்று சிரித்தான்.
புதினா இனிப்பு மணந்தது,
அதற்கு அடியில் இன்னொன்றும்.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது.
கடந்த முப்பது நாளில் எத்தனை தரம்?
பெயர் எழுதத் தேவையில்லை என்று
மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
எண்ணுகிறவள் முன்னால் நிற்கிறாள் என்று
போடவில்லை.

நான் ஒரு போத்தலின் லேபலை
முதல்முறை காண்பதுபோல வாசித்தேன்.
பேனைக் கயிறு குட்டை.
அதை இழுக்குமட்டும் இழுத்து
முதுகைக் காட்டி எதையோ எழுதினான்.

வண்டி போன பிறகு
கடைசிப் பையின் மடிப்பில் ஒன்று கிடந்தது.
மூடி இறுக்கியபடி, பாதி நிறைந்தபடி.
விதிப்படி அது செல்லாது.
கொட்டினேன், கழுவினேன், கணக்கில் சேர்த்தேன்.

அவனுக்கு நான் பத்துச் சதம் தரவேணும்.