குறிப்புக் கட்டம்

இந்த ஓடைக்கு வரைபடத்தில் ஓர் எண்.
ஊருக்குள் 'நனைந்த காலுறை'.
யாருடைய காலுறை என்று கேட்டால்
ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்று எட்டில் தாண்டிவிடலாம்.
ஆனாலும் அளக்கிறாள் லீட்டியா.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லும் மொழி ஒன்று
தெற்கே வெகுதூரத்தில் இருப்பதை அறியாதவள்
ஆற்றையே அளந்து போடுகிறாள்
கட்டத்துக்குள், எண்ணாக.

ஜூன் இருபத்துமூன்று. இரவு பதினொன்றரை.
நல்ல வெயில்.

கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய நாடா.
சாணுக்கொரு நிறுத்தம்.
கம்பியை ஊன்றிக் காதில் கேட்கிறாள்
அடியில் சின்ன விசிறி சுழலும் டிக், டிக்.
நாற்பது நொடி.
கொசு இமைமேல் உட்கார்ந்தாலும் எண்ணிக்கை தவறக் கூடாது.
தவறிற்று.
மறுபடி ஒன்று, இரண்டு.

நொடிக்கு நூற்று நாற்பது லிட்டர்.
வெப்பம் நாலு புள்ளி ஒன்று.
கலங்கல்:
கருவி சொல்லுமுன்பே தெரியும்.
போன வருடம் இந்நேரம்
அடிக் கூழாங்கல்லின் புள்ளிகளை எண்ணியிருக்கலாம்.
இன்று தன் பூட்ஸ் முனையே தெரியவில்லை.

மேலே ஒரு மணி நடையில்
சரிவொன்று உட்கார்ந்துவிட்டது.
அவள் அறிந்த எவருக்கும் முன்பே உறைந்த மண்,
உள்ளே பிடித்திருந்த பனி கைவிட்டதும்
பாசியையும் முழங்கால் உயர வில்லோவையும்
போர்த்தியது போர்த்தியபடி
ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.
இரைச்சல் ஏதுமில்லை.
எப்போதாவது ஒரு 'பொத்'.

என்றைக்குத் தொடங்கியது?
அலுவலகம் கேட்கிறது, மரியாதையான மின்னஞ்சலில்.

பதிவுக்கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கால்மணிக்கொரு தரம்
கண்ணயராமல் எழுதத்தானே அதை நட்டது.
ஜூன் ஏழு, விடிகாலை நாலேகால் வரை எழுதியிருக்கிறது.
அப்புறம் ஒன்றுமில்லை.
கம்பியைத் தூக்கிப் பார்த்தாள்.
பல் தடம்.
பொந்து வாசலில் எழுந்து நின்ற தரையணில்
சிக்சிக் சிக்சிக் என்று
தன் பெயரைத் தானே சொல்லிற்று.
அந்த ஊரில் அதுதான் அதன் பெயர்.
கேளாமலே கிடைத்த வாக்குமூலம்.

பதினாறு நாள் வெறுமை.

மேட்டில் உட்கார்ந்து கைபேசியைத் தள்ளிக்கொண்டே போனாள்,
யாராவது, எதற்காகவாவது
இந்தத் தண்ணீரைப் படம் பிடித்திருக்கமாட்டார்களா என்று.
பனிவண்டி. பிறந்தநாள் கேக். வாத்துச் சிறகு.
ஜூன் பன்னிரண்டு, மாலை ஏழு நாற்பது:
கழிமுகத்துக் கூடாரத்திலிருந்து உலுரியாக் அனுப்பியது.
இரண்டு வருடமாக அவனோடு பேச்சு
பள்ளிக் கட்டணம், காலணி அளவு, அவ்வளவுதான்.
மகள் நைமீயின் உள்ளங்கை.
அதில் விழுந்த முதல் பல்.

அன்றைக்கு அவள் பல்லை மட்டும் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
தன் கையில் விழவில்லையே என்று பார்த்தாள்.

இப்போது விரலால் விரிக்கிறாள்.
பல் ஓரம் போகிறது, கை ஓரம் போகிறது,
பின்னால் கல்மேல் ஒரு தகரக் குவளை.
வாய் கொப்பளிக்க மொண்ட தண்ணீர்.
குவளையின் அடி தெரியவில்லை.

எண்ணாக எழுத முடியாது.
கடைசியில் ஒரு கட்டம் உண்டு, 'குறிப்பு' என்று;
பெரும்பாலும் காலியாக விடுவது.
ஜூன் 12, 19:40. குவளை நீர். கலங்கல், கண்மதிப்பு.
பென்சிலை எடுத்தவள்
பல் என்று எழுதப்போய்
ஒரு புள்ளி வைத்து நிறுத்தினாள்.

பழைய பூனை உணவு டப்பாவைப் பிளந்து
கம்பிக்குக் கவசம் சுற்றுகிறாள்.
அணில் பார்த்துக்கொண்டிருக்கிறது.
கழிமுகம் இருபது நிமிட நடை.
கீழே புகை தெரிகிறது. யாரோ தேநீர் போடுகிறார்கள்
இந்தத் தண்ணீரில்தான்.

அங்கேயும் ஓர் அளவு எடுக்க வேண்டும் என்று
யாரும் கேளாமலே
சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.