பதினேழாம் எண் கிணறு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
திசையன்விளையில் பஸ் இறங்கி
நம்பியாற்றுக் கடைமடைக் கிணறுகளில்
கயிறு விட்டுக் குப்பி நிரப்புவது என் உத்தியோகம்.
மீட்டரின் முனையை நீரில் நனைத்தால்
உப்பு எண்ணாக ஏறி வரும்.
எனக்கு முன்னால் இருந்த சாலமோன் சார்
மீட்டரை நம்பாமல்
நக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாராம்.
நானும் நக்குவேன், ஆள் இல்லாத கிணறுகளில்.

கடல் உள்ளே வராதிருக்க
ஆற்றுவாயில் சுவர் கட்டியிருக்கிறது துறை.
ஷட்டர் ஏழு. ஏறி இறங்குவது ஐந்து.
திட்ட மதிப்பீடு எழுதிய தகரப் பலகையில்
கடைசி மூன்று சுழிகளைத் துரு தின்றுவிட்டதால்
இப்போது அது
மிகவும் சிக்கனமாகக் கட்டப்பட்ட சுவர்.

மேற்கிலிருந்து வெள்ளநீரைக் கொண்டுவரக்
கால்வாய் வெட்டியாகிறது.
"எப்ப வரும்?" என்றால்
"வெள்ளம் வந்தா வரும்" என்பார் உதவிப் பொறியாளர்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

பூலாவிளையில் இரண்டு கிணறு.
கீழத்தெருவில் பதினேழு, மேலத்தெருவில் பதினெட்டு.
வைகாசியில்
பதினேழு: மூவாயிரத்து நானூறு.
பதினெட்டு: மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஆனியில் பதினேழில் குப்பி ஏறியபோது
எண்ணாயிரத்து இருநூறு.
மீட்டரைத் துடைத்தேன். மறுபடி விட்டேன்.
எண்ணாயிரத்து இருநூறு.
கடல் ஒரு மாதத்தில்
நாலு மைல் நடந்து வந்ததா?

துவைகல்லில் உட்கார்ந்திருந்த லிங்கவதி
என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவள் காலடியில்
வெறும் சாக்கு இரண்டு, மடித்து.
ஓரத்தில் தூத்துக்குடி முத்திரை.

"உப்பு கூடுன தெருவுக்குத்தான்
சுத்திகரிப்பு மெஷின்னு சொல்லுதாவ.
மேலத்தெருக்காரிய வாசல்ல அது வந்துட்டா
நாங்க குடத்தத் தூக்கிட்டு அங்கன போயி நிக்கணும்.
எழுதுங்க மேடம்.
ஒங்க மீட்டர் என்ன சொல்லுதோ
அதத்தான எழுதணும்?"

எழுதினேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்தக் கிணற்றில் உப்பிட்டவர் யார் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
ஆற்றுமணலை லாரியில் ஏற்றியவர்களுக்கும் இல்லை.
எண்ணூறு அடியில் குழாய் இறக்கி
இரவெல்லாம் உறிஞ்சுகிறவர்களுக்கும் இல்லை.
குறிப்புரை என்று விரற்கடை இடம் உண்டு.
அதில் "மறு ஆய்வு தேவை" என்று எழுதினேன்.
கையெழுத்து சின்னதாகிவிட்டது.

ஐப்பசியில் மழை.
கால்வாயில் மூன்று நாள் செந்நீர் ஓடியது.
அதற்குள் லிங்கவதி வீட்டு மோட்டார்
பதினேழை அடிமண் தெரிய இரண்டு முறை இறைத்திருந்தது.
கார்த்திகையில் மூவாயிரத்து முந்நூறு.

தை மாதம் ஆய்வுக்கூட்டம்.
திரையில் பதினேழாம் எண் கிணறு
மலையுச்சியிலிருந்து குதித்த கோடாக நின்றது.
"உப்பு அறுபது சதவீதம் குறைந்துள்ளது.
சுவரும் கால்வாயும் சேர்ந்து செய்த சாதனை."
கை தட்டினார்கள்.
எனக்கு முன்னால் பாட்டில் தண்ணீர்.
மூடி திறக்க வரவில்லை.

மெஷின் இரண்டு தெருவுக்கும் வரவில்லை.
நீர் நல்லதாகிவிட்டதே!

லிங்கவதியிடம் சொன்னபோது சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"எங்க உப்பு ரெண்டு மூட்டைக்கு
எம்புட்டுப் பேரு கை தட்டுனாவ?"

பதினெட்டாம் எண்ணைப் பற்றி
அன்று யாரும் பேசவில்லை.
அது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து
மூவாயிரத்து எண்ணூற்று அறுபதுக்கு வந்திருந்தது.
நாற்பது.
கோட்டில் போட்டால் பென்சில் கனம்கூட இராது.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
மேலத்தெருவில் ஆள் இல்லை.
குப்பியைச் சாய்த்து நாக்கில் ஒரு சொட்டு விட்டேன்.
உப்புத்தான்.
இன்னொரு சொட்டு விட்டேன்.