பிற பொருள்கள், தலைவர் அனுமதியுடன்

மூன்று முழு நாள் முன்னதாக
அஜெண்டா கைக்குச் சேர வேண்டும்,
பெற்றதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.
ஒன்பது பேரில் மூன்று பேராவது வந்தால்தான் கூட்டம்.
போன கூட்டத்தை வாசித்த பிறகே
இந்தக் கூட்டம் வாய் திறக்கலாம்.
பதினோரு வருஷமாக ஊராட்சி செயலர்,
எனக்குத் தெரியும்.

ஆற்றுக்குத்தான் தெரியாது.
மேலே ஆந்திராவில் ஷட்டரை ஓர் அடி தூக்கினால்
கொசஸ்தலை ராத்திரியோடு ராத்திரியாக வந்து
தரைப்பாலத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
ஏழாவது வார்டு அக்கரையில்.
ஏழாவது வார்டு உறுப்பினர் சிட்டெம்மாவும் அக்கரையில்.

ஐப்பசிக் கூட்டத்துக்கு வரவில்லை.
கார்த்திகைக்கும் இல்லை.
மூன்று முறை தொடர்ந்து வராதவர் பதவி இழப்பார்
என்று மார்கழியில் ஜெகநாத ராஜு
கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனப்பாடமாகச் சொன்னார்.
அவர் மருமகனுக்கு அந்த வார்டில்தான் ஓட்டு.

பொருள் ஒன்று, வரவு செலவு.
பிளீச்சிங் பவுடர் இரண்டு மூட்டை, பல்பு பதினான்கு.
எண்ணிக் காட்டுங்கள் என்றார் தேவபிரசாதம்.
எண்ணினோம். பதின்மூன்று.
மீதி ஒன்று ராஜு வீட்டு முக்கில் எரிகிறதாம்.
பேசுவதெல்லாம் தெலுங்கு, எழுதுவது தமிழ்.
திட்டினால் ‘ஆட்சேபம்’ என்று எழுதுவேன்,
நாற்காலியைத் தள்ளினால் ‘நீண்ட விவாதம்’.

இரண்டு, மூன்று, நான்கு.
பன்னிரண்டே முக்காலுக்குப் பொருள் தீர்ந்தது.
கையெழுத்துகளுக்குக் கீழே கோடு இழுக்க வேண்டும்,
இழுத்த பின் யாரும் கையெழுத்துப் போட முடியாது.
ஸ்கேலை வைத்தேன்.
‘இருங்க, டீ வரட்டும்’ என்றார் தலைவர் கோமளா.
டீ வந்து, குடித்து,
காலி டம்ளரில் ஈ உட்கார்ந்திருந்தது.

ஒன்றேகாலுக்கு வந்தார் சிட்டெம்மா.
ஆற்றில் இறங்கவில்லை, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.
இருட்டோடு கிளம்பி, வரப்பில் நடந்து எல்லை தாண்டி,
அந்த மாநில பஸ்ஸில் நகரி,
இந்த மாநில பஸ்ஸில் பள்ளிப்பட்டு,
அப்புறம் யாருடைய டிவிஎஸ் வண்டியிலோ.
கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு
ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.
டிக்கெட்டுகளை மேஜையில் வைத்தார்,
ஒன்றில் அறுபது ரூபாய், ஒன்றில் பூஜ்யம்.

நேரம் முடிந்தது என்று ராஜு எழுந்தார்.
‘கோடு இருக்கா?’ தலைவர் என்னைக் கேட்டார்.
‘இல்லீங்க.’
சிட்டெம்மா தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்,
ஈரக் கையில் பேனா இரண்டு முறை வழுக்கியது.

பொருள் ஐந்து, பிற பொருள்கள்.
‘கூட்டம்னா மூணு நாள் முன்னாடி காகிதம் தர்றீங்க.
தண்ணி வருதுன்னா?’

அணை நம் அதிகார வரம்பில் இல்லை என்றேன்.
‘தண்ணி?’

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்மானம் எண் அறுபத்தொன்று:
அணை திறக்கும் முன் ஏழாவது வார்டுக்கு
மூன்று முழு நாள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும்.
ஒருமனதாக நிறைவேறியது. ராஜுவும் கை தூக்கினார்,
அவர் கரும்பும் அக்கரையில்.
பெறுநர் என்று எழுதி, யாரென்று தெரியாமல்
நாலு வரி இடம் விட்டேன்.
இன்னும் அப்படியே இருக்கிறது.

டிக்கெட் இரண்டையும்
தீர்மானப் புத்தகத்தில் பசை போட்டு ஒட்டினேன்.
தணிக்கைக்கு வந்தவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
‘இது எந்தத் தலைப்புல வருது?’
எனக்கும் தெரியலை சார் என்றேன்.
பக்கத்தைப் புரட்டினார், மறுபடி திரும்பி வந்தார்.
‘வந்ததுக்கு இருக்கு.
அந்தம்மா திரும்பிப் போனதுக்கு எங்கே?’