மானுக்குத் தனி

சித்திரையில் முடிகிற காப்புறுதிக்கு
மாசியிலேயே கடிதம்,
வட்டிக்காரனுக்கு வராத மரியாதையான தமிழில்.

போன வருஷம் எண்பத்து நாலாயிரம்.
இந்த வருஷம் ஒன்று நாற்பத்தாறு ஐந்நூறு.
லொறிக்கு ஒரு வயசு கூடிப் பெறுமதி இறங்கிவிட்டது,
கட்டணம் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
இது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று
பிறேம்காந்தைக் கேட்டேன்.

"டொலர், அக்கா."
"பார்ட்ஸ் விலை, அக்கா."
பிறகு செத்தவீட்டில் பேசுகிற குரலில்,
"மறுகாப்புறுதி."
எங்களைக் காக்கிற கொம்பனியைக் காக்க
கடலுக்கு அப்பால் ஒரு கொம்பனியாம்.
அதைக் காக்க இன்னொன்றாம்.
கடைசி மேசையில் இருக்கிற மனிசர்
கோட்டை வாசலில் மான் படுத்து அசைபோடுவதைக்
கண்டிருக்க மாட்டார்.

மானில்தான் தொடங்கியது.
ஐப்பசி, விடியப்புறம், தூறல்.
நாற்பது பாளம் ஐஸோடு நௌபர் வர
டொக்யார்ட் வீதியில் குறுக்கே புள்ளிமான்,
வாயில் யாரோ எறிந்த சோற்றுப் பை.
நௌபர் வெட்டினான்.
விளக்குக் கம்பம் விலகவில்லை.
மான் பையை விடாமல் போனது.

படிவத்தில் ஒரு கேள்வி:
சம்பந்தப்பட்ட மற்றத் தரப்பின் பெயர், முகவரி.
நௌபர் எழுதினான்:
மான். கோட்டை.

கிடைத்தது முப்பத்தோராயிரம்.
போனது,
ஐந்து வருஷம் ஒரு கீறலும் இல்லாமல் ஓடிச் சேர்த்த கழிவு.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.
வெள்ளம், தனி.
சூறாவளி, கடல் பெருக்கு, தனி.
கலகம், குழப்பம், பயங்கரவாதம், தனி.
எங்கள் தெருவின் சரித்திரத்தை
யாரோ விலை போட்டு வரிசையாக அடுக்கியதுபோல.
அப்பாவின் சைக்கிள் கடை எரிந்த நாளில்
இந்த வரி இருந்ததோ தெரியாது.
இருந்து, அவர் அந்தத் 'தனி'யைக் கட்டாமல் விட்டாரோ தெரியாது.
அம்மா அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

"மானுக்கும் தனியாகப் போடுவியளோ?"
பிறேம்காந் சிரிக்கவில்லை.
அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருந்ததும்
வெறும் தேர்ட் பார்ட்டி.
நான் பார்த்தேன்.
பார்த்ததை அவனும் பார்த்தான்.

பாளத்துக்கு இருபது ரூபா ஏற்றலாம்.
ஏற்றினால் கொட்பேயில் போட்டுக்கார யூட்
மீனில் ஏற்றுவார்.
மீனில் ஏறியதைச் சந்தைக்காரன் தராசில் ஏற்றுவான்.
எங்களிடமும் இருக்கிறது மறுகாப்புறுதி.
அதன் கடைசி மேசையில்
பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருத்தி
அரைக் கிலோ சூடை கேட்டு,
விலை கேட்டு,
கால் கிலோ போதும் என்கிறாள்.

என் சரக்கு ஐஸ்.
ஏற்றிய நிமிஷத்திலிருந்து நட்டம்
றோட்டில் சொட்டிக்கொண்டே போகும்.
அதற்கு ஒருவனும் இன்னும் விலை சொல்லவில்லை.

பேனாவை வாங்கி வெள்ளத்தை வெட்டினேன்.
கடலை வெட்டினேன்.
கலகத்தையும் வெட்டினேன்.
பிறகு,
வெட்டிய கோட்டின் மேலேயே
அதைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

நௌபர் இப்போது கோட்டை முடக்கில்
இருபதில்தான் வருகிறான்.
இருபதில் வந்தால்
இன்னும் இரண்டு பாளம் கரையும்.