சிவப்பு மட்டும்

குத்தாயிசியில் மூன்றாம் நாளாக மழை.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு
இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஓடுகிறது.
தெக்லேயின் அம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
"எல்லாம் கறுப்பு வெள்ளை.
ரோஜாக்கொத்து மட்டும் சிவப்பு."

எளிய வேலை.
படத்தின் மேல் ஒரு சாம்பல் அடுக்கு,
அதில் ரோஜா அளவுக்கு ஓர் ஓட்டை.
இதழ் இதழாக விளிம்பு தேய்க்கச் சோம்பல்பட்டு
சிவப்பு எங்கிருந்தாலும் விட்டுவை என்று
கணினியிடம் சொல்லிவிட்டேன்.

அதற்குச் சொன்ன சொல்தான் தெரியும்.
பச்சைத் திரைச்சீலை, கச்சாபுரியின் மஞ்சள்,
மாப்பிள்ளையின் நீல டை
எல்லாம் வடிந்து போக
ரோஜா நின்றது.
கூடவே நின்றன
நாற்பது கோப்பைகளில் ஒயின்,
வாழ்த்துரைக்க எழுந்த வலேரியானின் மூக்கு,
மேசைக்கடியில் ஒரு பையனின் சிராய்த்த முழங்கால்,
உச்சத்தில் பாடுகிறவனின் காதுமடல்,
மூலையில் தீயணைப்பு வாளி.

அப்புறம்
கொத்தைப் பிடித்த கையின் மணிக்கட்டில்
நான்கு கோடுகள்.
விரல் கனத்தில்.

வண்ணப்படத்தில் இதே இடத்தைப் பார்த்திருக்கிறேன்.
பூவின் சாயல் தோலில் விழுந்திருக்கிறது
என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

ஒயினை வற்றவைத்தேன்,
கோப்பைக்கு ஒரு சொடுக்கு.
வலேரியானுக்குப் போதை தெளிந்தது.
பையனின் முழங்கால் மருந்தில்லாமல் ஆறியது.
மணிக்கட்டுக்கு வந்ததும்
தூரிகையைச் சிறிதாக்கினேன்.
இன்னும் சிறிதாக்கினேன்.
ஒரே ஒரு பிக்சல் ஆகும்வரை.
எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.
அது ஆறியது.

இரவு பதினொன்றுக்கு அனுப்பினேன்,
அப்படியே.

காலையில் அம்மா:
"மூலையில அந்த வாளி ஏன் சிவப்பா இருக்கு?"
தவறிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றேன்.
பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.
தொலைபேசி கை மாறியது.

"நான் தெக்லே.
வாளியை மட்டும் சரி பண்ணுங்க."
ஒரு மூச்சு.
"வேற எதையும் தொட வேண்டாம்."

எந்த அளவில் அச்சிட என்று கேட்டேன்,
வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"இருக்கறதுலயே பெரிசு."

அரை நிமிட வேலை.
அதற்குப் பணம் கேட்கவில்லை.
வாளி இருந்த இடத்தில் இப்போது
ஒரு சாம்பல் வாளி.