போக மறுத்த வாசனை

இக்கீக்கே நகருக்கு மேலே, அல்த்தோ ஒஸ்பிசியோ மேட்டில்
மழை என்பது பள்ளிப் புத்தகத்தில் பெய்வது.
வெயிலுக்குப் பஞ்சமில்லை.
கண்ணாடிக் குழாய்களில் பாசியை
முதலில் பச்சையாக வளர்க்கிறார்கள்.
இரட்டை வால் துளிகள், நீந்தித் திரியும்.
பிறகு ஒரு திங்கட்கிழமை உரத்தை நிறுத்துவார்கள்.
நிழல்வலையைச் சுருட்டுவார்கள்.
நாலைந்து நாளில் ஒவ்வொன்றும்
வாலை உதிர்த்து, சுற்றிலும் சுவரெழுப்பி
உள்ளே உட்கார்ந்து சிவக்கத் தொடங்கும்.
பட்டினியின் நிறம் என்று
விற்பனைச் சிற்றேட்டில் போடவில்லை.
'சால்மனுக்கு இயற்கைச் செம்மை' என்றிருக்கிறது.

எடெல்மிரா காக்கேயோவின் விரல்நுனிகள்
ஒன்பது வருட ஹெக்சேனில் மரத்தவை.
குனிந்து பார்த்துத்தான் பொத்தான் போடுவாள்.
மேல் பொத்தான் கண்ணுக்கு எட்டாது, திறந்தே கிடக்கும்.
அதை ஒய்யாரம் என்றவர்கள் உண்டு.
சொல்லிவிட்டுப் போகட்டும்.

கரைப்பான்.
பீப்பாயின் மேல் எழுதியிருந்த சொல்.
பாலைக்குள் வந்து முட்டையிடும் கடற்காகம்
விடியலில் கரைகிறது.
சுவருடைந்த பாசியின் சிவப்பு கரைகிறது.
ஒரு பெண்ணின் கைநரம்பும் கரைகிறது.
மொழிக்கென்ன, ஒரே வினையை வைத்து
மூன்று வீட்டிலும் வேலை பார்க்கிறது.

பிக்கா சோலையில் மச்சான் சாறுக்கடை வைத்திருக்கிறான்.
பிழிந்தெறிந்த எலுமிச்சைத் தோல், பதினொரு மூட்டை,
அவளே லாரியில் ஏறிக் கொண்டுவந்தாள்.
ஆவியில் வேகவைத்து எண்ணெய் வடித்தாள்.
முகமூடியைக் கழற்றியபடி
அரைத்த பாசியில் ஊற்றினாள்.
எப்படி இறங்கியது அந்தச் சிவப்பு!
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
காவற்காரர் முதற்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.
கட்டடம் முழுக்க யாரோ
விருந்துக்கு மீன் நறுக்குவதுபோல் மணத்தது.

ஆனால் கரைப்பான் என்றால்
வேலை முடிந்ததும் கிளம்ப வேண்டும்.
எலுமிச்சை கிளம்பவில்லை.
சூடேற்றினால் சிவப்பு பழுப்பாகிறது.
சூடு குறைத்து, வெற்றிடப் பம்பை
இரவெல்லாம் ஓட்டினார்கள். மின்கட்டணம்தான் ஏறியது.
மாதிரியோடு தெற்கே போன டப்பாவுக்கு
மீன்பண்ணையிலிருந்து பதில் வந்தது:
'மீன்கள் துப்பிவிட்டன.
கிடங்குப் பூனை மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறது,
உப்பு எப்போது வரும் என்று.'

அதைப் படித்துச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.
பிறகு கழிவறையில் கொஞ்ச நேரம் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை உணவுக்கூடத்தில்
ஓர்ஃபெலினா பீன்ஸ் பரிமாறினாள்.
மேலே ஒரு கரண்டி எண்ணெய்,
மிளகாய்த்தூள் இறங்கிச் செக்கச்செவேலென்று.
எடெல்மிரா தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
இந்த எண்ணெயை யாரும்
வெளியே போ என்று சொல்லவில்லையே.

சூரியகாந்தி எண்ணெய், சந்தையில் வாங்கியது, ஐந்து லிட்டர்.
பாசியோடு சேர்த்து, கண்ணாடி மணிகளோடு
உருளையில் போட்டுச் சுழற்றினாள்.
காய்ச்சவில்லை, பிரிக்கவில்லை.
சிவந்த எண்ணெயே சரக்கு,
அப்படியே தீவனத்தில் கலக்கலாம்.

அறுபத்தெட்டு, என்றார் மேலாளர் அல்துனாத்தே.
மீதி இருபத்தாறு எங்கே?
அவள் கையை மேசைமேல் வைத்தாள்.
எதுவும் சொல்லவில்லை.
அவர் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
மறுபடி தாளைப் பார்த்தார்.
மூன்று உருளைகள் எண்ணெய்க்கு.
மற்ற இரண்டும், ஒப்பந்தம் முடியும்வரை,
பழைய பீப்பாயோடே.

செவ்வாய் மாலை பேருந்தில் போகிறாள்.
நகக்கண்ணில் எண்ணெய்ச் சிவப்பு.
தேய்த்தும் போகவில்லை, அவளுக்கு அது தெரியவுமில்லை.
காலருக்குக் கீழே அதே சிவப்பில் நான்கைந்து தீற்றல்,
பொத்தானைத் தேடிய விரல்களின் தடம்.

பம்பு அறையில் எலுமிச்சை இன்னும் இருக்கிறது.
காற்றோட்டத்துக்குக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லி
சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.
இரவுப்பணிக்காரர்கள் சாத்தியே வைக்கிறார்கள்.