ராசி

போன வாரம் திரிந்தது.
செட்ரிமைடு விழுந்த நொடியில்
வெண்ணெயாய் இருந்த கிரீம்
கெட்ட பால் மாதிரி தண்ணீர் விட்டது.
கொட்டினேன். கோபமில்லை.
திரிவது கண்ணுக்குத் தெரிகிறதே.

இன்றையது தெரியாது.
முருகன்குறிச்சி, மத்தியானம் மூன்று மணி,
வெயில் ஷட்டர்வரை ஏறி நிற்கிறது.
டாக்டர் குணசிங்கின் கோழிக்கிறுக்கல்:
சாலிசிலிக் ஆசிட் ஆறு சதம்,
ஜிங்க் ஆக்சைடு பன்னிரண்டு,
தண்ணீர் சேர்ந்த கிரீமில், நூறு கிராம்.
பீங்கான் பலகையில் தேய்த்தால்
வழுவழுவென்று வரும்.
வெள்ளைக்குள் வெள்ளை.
யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.
ஆசிட் மட்டும் உள்ளே
துத்தநாகத்தோடு கைகோத்துக்கொண்டு
வந்த வேலையை மறந்திருக்கும்.

போன் போட்டேன்.
"இருவது வருசமா எழுதுதேன்.
பழைய புஸ்தகத்துலயே ஒண்ணாத்தான இருக்கு?"
"அது பேஸ்ட் சார், தண்ணி கெடையாது.
இது கிரீம்."
அந்தப் பக்கம் ஏதோ குழந்தை வீறிட்டது.
"அப்ப பிரிச்சே குடுங்க" என்றார்,
ஊசி போடுகிற அவசரத்தில்.
இருபது வருஷத்தைப் பற்றி
இரண்டு பேருமே பேசவில்லை.

மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா
பெஞ்சில் இருக்கிறாள்.
நாளைக்கு எழுநூறு பீடி.
முனை மடக்கும் பெருவிரல்
சித்திரை மாதத்துக் குளம்;
வெடிப்புக்குள்
சோப்புக்கு அசையாத பழுப்பு.

"ரெண்டு டப்பாவா? துட்டு கூடுமே.
ஒண்ணாக் கெடந்தா சண்ட போடுமாக்கும்?"

"சண்ட போட்டாத் தேவலையே.
ராசியாயிரும்.
ராசியாயிட்டா ஒங்க வெரலுக்கு
ஒண்ணும் மிஞ்சாது."

சிரிக்கவில்லை அவள்.
மூடி திறந்து இரண்டையும் முகர்ந்தாள்.
"கண்ணாடி கொண்டாரல, எது ராத்திரிக்கு?"
சொன்னேன்.
பையிலிருந்து பீடி நூல்கண்டை எடுத்து
ராத்திரி டப்பாவின் கழுத்தில்
இரண்டு சுற்று,
நகத்தால் ஒரு வெட்டு.
நான் ஒட்டிய லேபிளை
அவள் பார்க்கவே இல்லை.

பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
பலகையைக் கழுவுமுன்
பழைய ரெஜிஸ்டரை எடுத்தேன்,
எடுத்திருக்க வேண்டாம்.
அதே ஆறு, அதே பன்னிரண்டு,
பதினோரு இடத்தில்.
கலந்தவர் என்ற கட்டத்தில்
என் கையெழுத்து.

ஒன்றுகூடத் திரிந்திருக்காது.
எல்லாமே வழுவழுவென்றுதான்
வந்திருக்கும்.